மெழுகு உறையும் ஊர்

அந்தத் தெருவில் போய்ப் பல்டாக்டர் வீடு எது என்று கேட்டால் குழந்தைகூடக் கை நீட்டும். அவர் ஒருத்தர் வாயையும் திறந்து பார்த்தவர் அல்ல. ஜிப் பட்டறையில், பித்தளைக் கம்பியைப் பல்லாக வெட்டி நாடாவில் கடிக்கவைக்கிற மெஷினில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவர். காலை எட்டு மணிக்கு அந்த மெஷின் தடதடக்கத் தொடங்கினால் தெருக்கோடிவரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து அடுப்பில் உலை வைக்கிற வீடுகள் உண்டு.

அவர் மனைவியை ஊசியக்கா என்பார்கள். பை தைக்கிற கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு அவள்தான் லீடர். கையில் எந்நேரமும் ஊசி இருப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். நாக்கில் இருப்பதால் வந்த பெயர் என்பது லைனில் இருந்த நாற்பது பெண்களுக்கும் தெரியும்.

அவர் பட்டறை செய்கிற ஜிப்பை அவள் கம்பெனி வாங்கியது. அவர் கடிக்கவைத்த பல்லுக்கு ஓரத்தில் அவள் லைன் தையல் ஓட்டியது. இரண்டு வருஷமாகப் புருஷன் பெண்டாட்டி இருவர் உழைப்பும் ஒரே பைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு வம்பும் வந்ததில்லை. அந்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கத்து ஆறு நாடுகளோடு அரசாங்கம் கையெழுத்துப் போடப்போகிறது, இங்கிருந்து போகிற சரக்குக்கும் அங்கிருந்து வருகிற சரக்குக்கும் இனி வரி கிடையாது என்று பேப்பரில் வந்தது. மறுநாளே டீக்கடைப் பெஞ்சில் எல்லோரும் மந்திரிகள் ஆகிவிட்டார்கள். ஒருத்தர் ஊரை விற்றுவிட்டார்கள் என்றார். இன்னொருத்தர், வாங்க ஆள் வரட்டும், அதற்கப்புறம் விற்றதைப் பற்றிப் பேசலாம் என்றார். பல்டாக்டருக்கு வேடிக்கை பேச மனமில்லை. அவர் பட்டறைச் சங்கத்துக்குச் செயலாளர். வெளிநாட்டு ஜிப் வந்து இறங்கினால் பட்டறையில் உள்ள பதினொரு பேரும் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார வேண்டியதுதான் என்று நம்பினார். நம்பியதை எழுதி, மேலே முதல் ஆளாகக் கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை காலை, ஊசியக்கா மூன்று டிபன் பாத்திரங்களில் சோற்றை அமுக்கிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் நாலு தாளை வைத்தார்.

"ஒரு தாளுக்குப் பத்துப் பேர். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி உன் லைன்ல வாங்கிக் குடுத்துடு."

"என்னத்துக்கு?"

"ஒப்பந்தம் வேண்டாம்னு மனு."

"உங்க பட்டறை மனுவுக்கு எங்க பொண்ணுங்க கையெழுத்தா?"

"எங்க கிட்ட மொத்தமே பதினொரு பேர். பதினொரு கையெழுத்தைப் பாத்து எந்த அதிகாரிக்கு வேர்க்கும்? உங்க நாப்பதும் சேந்தா அம்பத்தொண்ணு. தலைவர்கிட்ட சொல்லிட்டேன். என் வீட்டுல கேட்டா மறுக்கமாட்டாங்கன்னு."

"சொல்லிட்டு வந்து கேக்கிறீங்களே, அதுவே பெரிசுதான்."

பல்டாக்டரின் தங்கை கூரையிலிருந்து தொங்கிய கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் சின்னவள். அண்ணி லைனில் ஏழாவது மெஷின். வீட்டில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஒரே ஆள்.

"அண்ணே, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? கதவைத் தெறந்து விடுறான். தெறந்த கதவுல நாயும் வரும், திருடனும் வருவான்."

"காத்தும் வரும்ல?"

"இந்தப் பொண்ணை யாரு படிக்க வெச்சது?" என்று அவர் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கதான்," என்றாள் ஊசியக்கா. "பாத்திரத்தைத் தூக்கிட்டுக் கிளம்புங்க ரெண்டு பேரும். நாய், திருடன், காத்து எல்லாத்தையும் சாயங்காலம் உள்ள விட்டுக்கலாம்."

தாளை மடித்து அவள் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கம்பெனி என்று பெயரே தவிர, அது தகரம் வேய்ந்த நீளக் கொட்டகை. பதினொரு மணிக்கு மேல் கூரை காய்ந்த சட்டிபோல ஆகிவிடும். பெண்கள் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தைப்பார்கள். மூன்று லைன். முதல் லைன் பையின் உடம்பு, இரண்டாவது தோள்பட்டை, மூன்றாவது ஜிப்பும் முடிப்பும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொண்டு போகிற பை. இரண்டு வருஷமாகத்தான் கப்பலேறிப் போகிறது. அதற்கு முன்னால் மூன்றாவது லைனே கிடையாது. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் அதுவரை வீட்டில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

அன்றைக்கு டீ முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியபோது வாசலில் லாரி வந்து நின்றது. எப்போதும் காலியாக வந்து நிறைந்து போகிற லாரி, நிறைந்து வந்திருந்தது. அறுபது அட்டைப்பெட்டி. பெட்டிக்கு இருபது பை.

"நம்ம பெட்டி மாதிரி இருக்கே," என்றாள் சின்னவள்.

"நம்ம பெட்டியேதான்," என்றாள் முதலாளியம்மா. கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. கையில் ஒரு கடிதம். ஆள் குறைந்த நாட்களில் தானே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவள் அவள். குரலை உயர்த்தத் தெரியாது. "புதுசா ஆர்டர் குடுத்த ஊரு. ஜிப் தெறக்கலையாம். அத்தனையும் திருப்பி அனுப்பிட்டான்."

லைன் நின்றது. ஒரு பெட்டியை உடைத்துப் பையை எடுத்தார்கள். ஊசியக்கா ஜிப்பை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று. அதுவும் அப்படியே. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. முப்பது பைகளை நாற்பது பெண்கள் இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சண்டித்தனம் பண்ணவில்லை.

"கடிதத்துல என்னதான் எழுதியிருக்கும்மா?"

முதலாளியம்மா சொன்னாள். "கடையில் தொங்கும்போது நன்றாகத் திறக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் திறக்க மாட்டேன் என்கிறதுன்னு எழுதியிருக்கான்."

கொட்டகையே சிரித்தது.

"எங்க வீட்டுலயும் அதேதான்," என்றாள் ஒருத்தி. "கடையில வாங்கும்போது தெறப்பான், மூடுவான், தெறப்பான். பள்ளிக்கூடம் போனா பையை ஏறெடுத்தும் பாக்கமாட்டான்."

"அது ஜிப்புல கோளாறு இல்லம்மா, பிள்ளையில கோளாறு. பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

முதலாளியம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு ஊசியக்காவைத் தனியாக மேஜைப் பக்கம் கூப்பிட்டாள்.

"மூணு வாரம் குடுத்திருக்கான். சரிபண்ணி அனுப்பினா அடுத்த ஆர்டர். இல்லன்னா வேற நாட்டுல குடுத்துடுவான். அப்படிப் போயிட்டா இந்த மாசக் கடைசியில மூணாவது லைனை நிறுத்தணும். உனக்கு முன்கூட்டியே சொல்லிடறேன்."

ஊசியக்கா நாற்பது பேர் முதுகையும் ஒருமுறை பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரர் மனு கொண்டுபோறார்னு கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். அதுல நான் வாய் வைக்கமாட்டேன். ஆனா படிச்சுட்டுப் போடுங்க." ஒரு கத்தை அச்சுத்தாளைக் கொடுத்தாள். "ஒப்பந்தத்துல நம்ம சரக்கு சம்பந்தப்பட்ட பக்கம் மட்டும். உன் நாத்தனார் படிப்பால்ல?"

அன்று சாயங்காலம் வீட்டில் முட்டையும் பருப்பும் சோறும். பல்டாக்டர் கை கழுவிவிட்டு வந்தாலும் விரல் இடுக்கில் பித்தளைப் பச்சை போகாது. பெட்டி திரும்பி வந்த கதையைக் கேட்டதும் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

"எத்தனை இழுத்துப் பாத்தீங்க?"

"முப்பது."

"ஒண்ணாவது மாட்டிச்சா?"

"இல்ல."

"மாட்டாது. என் ஜிப்பு வெண்ணெய்." திரும்பவும் சாப்பிடத் தொடங்கினார். "இப்பவாவது புரியுதா? இதுதான் அவனுங்க வேலை. நல்ல சரக்கைக் கெட்டதுன்னு திருப்பி அனுப்புவான். நீங்க பயந்து போய் அவன் ஜிப்பையே வாங்கி வெப்பீங்க. ஒப்பந்தம் வர்றதுக்கு முன்னாடியே கழுத்துல கை வெச்சுட்டான் பாரு."

"அறுபது பெட்டியைக் கப்பல்ல ஏத்தி அனுப்பி ஒருத்தன் பொய் சொல்லுவானா?"

"சொல்லுவான். கப்பல் அவனோடது."

"அண்ணே, கப்பல் யாரோடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சோத்தைத் தின்னு."

ஊசியக்காவால் மறுத்துப் பேச முடியவில்லை. அவளே இழுத்துப் பார்த்த ஜிப். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கடல்கடந்து ஒரு ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்வார்கள் என்பதும் அவள் தொண்டையில் இறங்கவில்லை.

"கையெழுத்து எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் கேக்கலை."

"ஏன்?"

"கேட்டா போட்டுடுவாங்க. நான் சொன்னா எதுலயும் போடுவாங்க. அதான் கேக்கலை."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வந்தால் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிற ஜாதி. வெள்ளிக்கிழமை முழுக்கத் தண்ணீர் வேண்டும், துண்டு எங்கே என்ற அளவுக்குத்தான் பேசினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊசியக்கா கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போனாள். அவள் வழக்கமாக வாங்குகிற மீன்காரி, சாக்கு விரித்து, பக்கத்தில் ஐஸ் உடைத்துப் போட்ட பெரிய பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். மீனை வெட்டிக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறைக்காக அந்த ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தாள். கம்பெனி ஜிப் வைத்த பை. ஊசியக்காவே போன வருஷம் கழித்த துணியில் தைத்துக் கொடுத்தது.

"ஏண்டி, காசை ஐஸ்ல வெச்சா கெட்டுப்போகாதா?"

"வெளியில வெச்சா களவு போகுதுக்கா. மீனுக்கு அடியில எவன் கை விடுவான்?" என்று சொல்லிக்கொண்டே மீன்காரி அந்தப் பையை எடுத்து ரவிக்கைக்குப் பக்கத்தில், அக்குளுக்கு அடியில் இடுக்கிக்கொண்டாள். இடுக்கிக்கொண்டு அடுத்த ஆளோடு விலை பேசத் தொடங்கிவிட்டாள்.

"என்னடி பண்றே? சில்லறை குடு."

"இருக்கா. காலையில எடுத்த உடனே வாயைத் தெறக்காது. கொஞ்ச நேரம் சூடு காட்டணும். நீ தெச்ச பைதானே, அதுக்கும் உன்ன மாதிரி கொஞ்சினாத்தான் வேலை நடக்கும்."

ஊசியக்கா சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"குடு அதை."

அக்குளிலிருந்து பிடுங்கி இழுத்தாள். ஜிப் அசையவில்லை. பலம் கொடுத்து இழுத்தாள். பல்லுக்கு மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்த பசைபோல ஏறி உட்கார்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு.

வெட்டிய மீன் இருந்த பையை ஒரு கையிலும், ஒரு கட்டி ஐஸைத் துணியில் சுற்றி இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து, யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று எதிர்வீட்டுக்காரி கூடவே ஓடி வந்தாள்.

பல்டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்து யாரோ கொண்டுவந்த பாவாடை ஜிப்பைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். ஊசியக்கா ஒரு குண்டானில் ஐஸைப் போட்டு, அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஜிப் துண்டு நாலைந்தை உள்ளே தள்ளி, மூடியால் மூடினாள்.

"என்ன இது?"

"பேசாம இருங்க. உலை கொதிக்கிற நேரம் ஆகட்டும்."

ஆனது. மூடியைத் திறந்து ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இழுங்க."

அவர் இழுத்தார். வரவில்லை. கையை மாற்றினார். வரவில்லை. வேறொன்றை எடுத்தார். அதுவும் அப்படி. பத்தொன்பது வருஷமாகத் தெருவில் எல்லோர் ஜிப்பையும் திறந்து கொடுத்த மனுஷர் தன் ஜிப்பைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி விஷயம் பிடிபடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடி கிடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

"அந்த ஊர்ல காலையில குளிரும்போல," என்றாள் ஊசியக்கா. "கடைக்குள்ள சூடு வெச்சிருப்பான். வெளியில நடந்து பள்ளிக்கூடம் போறதுக்குள்ள உறைஞ்சு போயிடுது. பிள்ளைங்க பொய் சொல்லலை."

அவர் கையிலிருந்த துண்டு வெயிலில் மெதுவாக வெதுவெதுப்பானது. இழுத்தார். வெண்ணெய்போல ஓடியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. துண்டைக் கீழே வைத்துவிட்டு, நெடுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெழுகு அவர் கண்டுபிடித்தது. சேர்ந்த இரண்டாம் வருஷம், ஜிப் கரகரவென்று மாட்டுகிறது என்று வாங்குகிறவர்கள் முணுமுணுத்தபோது, உருக்கிய மெழுகுக்குள் ஜிப்பை ஓட்டி எடுத்துப் பார்த்தவர் அவர்தான். பட்டறை அதற்கப்புறம்தான் பெயர் வாங்கியது.

"பதினேழு வருஷம்," என்றார். "ஒருத்தன்கூடச் சொல்லலையே."

"இங்க யாருக்கு உறையும்? நம்ம ஊர்ல மனுஷனே உருகுறான்."

"பல்லுல பிசிறு இருக்கு. அதை மறைக்கத்தான் மெழுகு போட்டது. பிசிறு ஏன் வருது? கம்பி சரியில்ல. நம்ம நாட்டுல இந்தக் கம்பி இழுக்கிறது ஒரே ஆலை. வெளிக்கம்பி உள்ள வரமுடியாத அளவுக்கு வரி. அவன் எப்படி இழுத்துக் குடுத்தாலும் நாங்க வாங்கித்தான் ஆகணும். மேடும் பள்ளமுமா இழுப்பான். கேட்டா, வேணும்னா வாங்கு, இல்லன்னா போம்பான்." அவர் குரல் தணிந்தது. "ஒருதரம் ரெண்டு உருளை வெளிக்கம்பி எப்படியோ தவறி வந்துடுச்சு. வெட்டினேன் பாரு. குழந்தைக்கு மொளச்ச பல்லு மாதிரி விழுந்துச்சு. மெழுகே வேணாம். ரெண்டு நாள் ஓட்டினேன். அதுக்கப்புறம் அந்த மாதிரிக் கம்பியைக் கண்ணால பாக்கலை."

சின்னவள் உள்ளேயிருந்து அச்சுத்தாளோடு வந்தாள். இரண்டு நாளாக அண்ணன் கேட்பாரா என்று காத்திருந்தவள்.

"அண்ணே, கம்பியும் இதுல இருக்கு. முதல் நாள்லேர்ந்தே வரி கிடையாது."

"ஜிப்புக்கு?"

"ஜிப்புக்கு ஒரேயடியா எடுக்கலை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி ஏழு வருஷத்துல முடியும். நம்ம பை அங்க போறதுக்கு முதல் நாள்லேர்ந்து வரி இல்ல."

"திரும்பப் படி."

அவள் திரும்பப் படித்தாள். அவர் மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். மீன் ஆக்கி முடித்தபோது வந்து உட்கார்ந்து, "முள்ளு எடுத்துட்டியா?" என்று கேட்டார். இரண்டு நாளில் அவளிடம் பேசிய முதல் தேவையில்லாத பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை முற்றத்தில் கூட்டம். சங்கத் தலைவர் பட்டறையில் கம்பி உருளையை மெஷினில் ஏற்றிச் சுற்றுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. கெட்ட மனுஷர் இல்லை. ஒரு தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் அவன் மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஊசியக்கா வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வா தங்கச்சி. தாளு எங்க?"

அவள் நாலு தாளையும் கொடுத்தாள். ஒன்றிலும் ஒரு கோடும் இல்லை.

"என்னம்மா, வெறுந்தாளா இருக்கு?"

"நேத்து மத்தியானம் லைன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம் அண்ணே. நீங்க எழுதினதையும், ஒப்பந்தத்துல இருக்கிறதையும். நாங்க தைக்கிற பை அந்த ஊருக்குத்தான் போகுது. எங்க பையை அவன் வரி போடாம வாங்கணும், அவன் சரக்கு மட்டும் இந்தப் பக்கம் வரவே கூடாதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுறது? எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவங்களுக்கும் வெக்கமா இருந்துச்சு."

தலைவர் பல்டாக்டரைப் பார்த்தார். "என்ன தம்பி, வீட்டுல மறுக்கமாட்டாங்கன்னே?"

"வீட்டைப் பத்தி அப்புறம் பேசலாம் அண்ணே. முதல்ல இதை இழுங்க." பல்டாக்டர் ஐஸும் ஜிப் துண்டும் போட்ட குண்டானை மேஜையில் வைத்தார்.

தலைவர் இழுத்தார். பிரஸ் மெஷினில் நிற்கிறவர் இழுத்தார். மெழுகுச் சட்டி பார்க்கிறவருக்கு, பல்லால் கடித்து இழுத்ததில் உதடு மரத்துப்போயிற்று. பத்துப் பேரும் வரிசையாக இழுத்து, பத்துப் பேரும் தோற்றார்கள். சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியும் இருந்தது.

பல்டாக்டருக்கு மேடைப் பேச்சு வராது. நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். மெழுகைச் சொன்னார், கம்பியைச் சொன்னார், ஏழு வருஷத்தைச் சொன்னார். "இந்த மனுல முதல் கையெழுத்து என்னோடது. படிக்காமப் போட்டேன். எல்லாத்தையும் நிறுத்துன்னு எழுதினேன். அதுல நமக்கு வரப்போற நல்ல கம்பியும் நின்னுபோகும்னு தெரியாது."

"அதனால அவன் ஜிப்பு வரட்டுங்கிறியா?"

"ஏழு வருஷம் கழிச்சு முழுசா வரும் அண்ணே. அதுக்குள்ள நல்ல கம்பியில நாம அவனுக்குச் சமமா செய்யக் கத்துக்கலாம்."

"கத்துக்கலைன்னா?"

பல்டாக்டர் குண்டானை ஓரமாகத் தள்ளினார்.

"கத்துக்கலைன்னா பட்டறை நிக்காது. அது எனக்கும் தெரியுது. ஆனா இப்படியே இருந்தாலும் நிக்காது அண்ணே. இந்த ஜிப்பைப் பை தெக்கிற கம்பெனி இனிமே எப்படி வாங்கும்? நம்ம சரக்குல பாதி அவங்களுக்குத்தானே போகுது?"

"உனக்கு நாப்பத்தாறு," என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை. "ஏழு வருஷத்துல எனக்கு அறுபத்தஞ்சு. இந்த உருளையைச் சுத்துறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. கத்துக்கோ கத்துக்கோன்னு எல்லாரும் சுலபமாச் சொல்லிடறாங்க. எந்த வயசுல தம்பி கத்துக்கிறது?"

பட்டறை முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குண்டானில் ஐஸ் தண்ணீராகிவிட்டது.

கடைசியில் இரண்டு மனு ஆனது. ஒப்பந்தமே வேண்டாம் என்ற பழைய மனுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். கம்பியை உடனே விடு, ஜிப்புக்கு அந்த ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூடக் குறைக்காதே, அதற்குள் வேலை போகிற வயசாளிக்கு ஒரு வழி சொல்லு என்ற புது மனுவில் ஆறு பேர். மூன்றாவதாகச் சொன்ன அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவள் ஊசியக்கா. பழைய மனுவில் தன் பெயரைப் பல்டாக்டர் தானே அடித்தார். செயலாளர் வேலையும் அன்றோடு போயிற்று. தெருவில் இரண்டு நாள் அவரைப் பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவர் என்றார்கள். "கேக்காமப் பதினேழு வருஷம் மெழுகு போட்டேன், கண்டது என்ன?" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

திங்கட்கிழமை பட்டறையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு வந்தார். திரும்பி வந்த ஆயிரத்து இருநூறு பையிலும் இருக்கிற மெழுகைத் தானே எடுத்துத் தருகிறேன் என்று முதலாளியம்மாவிடம் கேட்டிருந்தார். இஸ்திரி மேஜையைக் கொடுத்தார்கள். ஜிப்பின் மேல் பழைய பேப்பரை விரித்துச் சூடாகத் தேய்த்தால் மெழுகு உருகிப் பேப்பரில் ஏறிவிடும். கட்டுக் கட்டாகப் பேப்பர் கொண்டுவந்தாள் சின்னவள். எல்லாப் பக்கத்திலும் ஒப்பந்தச் சண்டைதான்.

"ஒரு வழியா இந்தப் பேப்பருக்கு ஒரு வேலை கெடச்சுது," என்றாள்.

மெழுகு போனதும் பிசிறு தலைகாட்டியது. ஜிப் கரகரத்தது. எண்ணெய் தொட்டுப் பார்த்தார், துணியில் கறை இறங்கியது. சோப்பு தேய்த்துப் பார்த்தார், ஐஸில் வைத்ததும் அதுவும் மக்கர் பண்ணியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், துணியில் அடையாளம் போடுகிற கரிப் பென்சிலைப் பார்த்தவர், கரி வழுக்குமே என்று அதன் முனையைப் பல் வரிசையில் மேலும் கீழும் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மீன்காரி கொடுத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். சோறு தின்றுவிட்டு வந்து இழுத்தார். திறந்தது. வெண்ணெய் மாதிரி இல்லை. கொஞ்சம் முரடுதான். ஆனால் திறந்தது.

லைனில் கைதட்டினார்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பியவர், வாசலில் தலைவர் நிற்பதைப் பார்த்தார். பட்டறைச் சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தார். கம்பி உருளை சுற்றும்போது போடுகிற தடித்த தோல் கையுறை இரண்டும் இடுப்பில் செருகியிருந்தன.

"மனுவை அனுப்பிட்டேன்," என்றார் தலைவர். "அஞ்சு பேர்னாலும் மனு மனுதான்."

"அதுவும் சரிதான் அண்ணே. உக்காருங்க."

தலைவர் உட்காரவில்லை. ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்தார். "இத்தனை குளிர்லயா இருக்காங்க அந்த ஊர்ல?"

"இதைவிடவும் இருக்குமாம்."

"அப்ப வெறுங்கையோடயா நடப்பாங்க பிள்ளைங்க?"

பல்டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு அவர் இடுப்பைப் பார்த்தார். "ஒண்ணைக் குடுங்க அண்ணே."

கையுறையை மாட்டிக்கொண்டு, ஐஸிலிருந்து ஒரு பையை எடுத்து ஜிப்பைப் பிடித்தார். அகப்படவில்லை. இழுக்கிற நாக்கு தோலுக்குள் நழுவி நழுவிப் போனது. நாலு தடவை முயன்றார். அவர் பட்டறை செய்த நாக்குதான். கட்டைவிரல் நகம் அளவு.

"பத்தலை," என்றார். "உள்ள என்ன செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. இதைப் பிடிக்கவே முடியாது." அப்படியே தலையைத் திருப்பாமல் மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, வெட்டிப் போட்ட நாடா இருக்குமா? இந்த நாக்குல ஒரு வளையம் மாதிரி போட்டுத் தெக்கணும்."

"எவ்வளவு நீளம்?"

அவர் யோசிப்பதற்குள் தலைவர் மற்றக் கையுறையை மாட்டிக்கொண்டு, பையை வாங்கி, காற்றில் விரலை வைத்து அளந்தார்.

"நாலு விரக்கடை."

"உங்க கைக்கு நாலு," என்றாள் ஊசியக்கா. "பிள்ளைங்க கைக்கு மூணு போதும் அண்ணே."

"மூணுன்னா விரல் நுழையாது தங்கச்சி. மேல கம்பளி வேற இருக்கும். நாலு வை."

அவள் ஒரு நிமிஷம் அவர் கையைப் பார்த்தாள். கத்தரியை எடுத்தாள். நாலு விரக்கடைக்கு ஒரு துண்டு வெட்டி, மடித்து, மெஷினில் ஓட்டி, வளையமாக்கிக் கொடுத்தாள். தலைவர் கையுறையோடு அதற்குள் விரலைவிட்டு இழுத்தார்.

பை திறந்தது.

"இன்னும் ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது," என்று சொல்லிவிட்டு ஊசியக்கா லைன் பக்கம் திரும்பினாள். "ஏழாவது மெஷின்லேர்ந்து பன்னெண்டு வரைக்கும், நாடா வேலைக்கு வாங்கடி."